பயணப்படும் குடில்கள்

வீடு நிலத்தோடு பிணைந்தது என்பதே நம்மில் பெரும்பாலோர் எண்ணம். கடைக்கால் தோண்டிச் சுவர் எழுப்பிவிட்டால் அது பிறகு அவ்விடத்தை விட்டு அகல்வதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லங்காஸ்டர் வட்டாரச் சாலைகளிலோ இவ்வெண்ணத்திற்கு மாறான காட்சியைக் காணலாம். கூரை, கதவு, சன்னல், முன்திண்ணை என எல்லாம் பொருந்திய மரக்குடில் ஒன்று சரக்குந்தின் முதுகில் ஏறி ஊர்விட்டு ஊர் செல்லும். அதனைக் கட்டியது பெரிய தொழிற்சாலையாக இருக்க வேண்டியதில்லை. வயலோரப் பட்டறை ஒன்றில் தந்தையும் மகன்களும் சேர்ந்து கட்டியதாக இருக்கலாம். ஆயினும் அக்குடிலை ஏற்றிச்செல்லும் சரக்குந்தை அவர்கள் ஓட்டுவதில்லை. அது அவர்களுக்கு உரியதும் அன்று.

இத்தொழிலில் ஈடுபட்டுள்ள குடும்பங்களுள் பல, ஆமிஷ் எனப்படும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவை. 1693ஆம் ஆண்டு ஐரோப்பாவில் தோன்றிய இப்பிரிவினர், சமயக் கொடுமைகளுக்கு ஆளாகிப் பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறினர். இன்றும் குதிரை வண்டியே அவர்களது ஊர்தி. மகிழுந்தைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை; பொது மின்கம்பியிலிருந்து வீட்டிற்கு மின்சாரம் பெறுவதில்லை. எனவே அவர்கள் எந்திரத்தையே வெறுப்பவர்கள் என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து சரியன்று. ஒரு கருவி குடும்பத்தையும் சபையையும் இணைத்து வைக்குமா, பிரித்துவிடுமா என்பதே அவர்கள் எழுப்பும் வினா. சொந்த மகிழுந்து மனிதரைத் தொலைவுக்கு இழுத்துச் செல்லும் என்பதால் அதற்குத் தடை. பிறருடைய வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளத் தடையில்லை.

உழவே அவர்களுடைய மரபுத் தொழில். லங்காஸ்டரின் மண் வளம் மிக்கது. ஆனால் மண் பெருகுவதில்லை, மக்கள் பெருகினர். ஒரு வீட்டில் ஆறேழு குழந்தைகள் இருப்பது அங்கு இயல்பு. ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு ஒருமுறை அவர்களின் தொகை இரட்டிக்கிறது. இன்று வட அமெரிக்காவில் சுமார் 4 லட்சம் ஆமிஷ் மக்கள் வாழ்கின்றனர். நகரங்கள் விரிந்தமையால் நிலத்தின் விலையும் ஏறியது. மகன்கள் அனைவருக்கும் நிலம் வாங்கித் தருதல் தந்தையால் இயலாததாயிற்று. 1970களுக்குப் பின்னர் இந்நெருக்கடி முற்றியது.

நிலமற்ற இளைஞனுக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று தொழிற்சாலை, மற்றொன்று வீடு கட்டும் குழுக்களோடு ஊர் ஊராகச் செல்வது. இரண்டுமே தந்தையை வீட்டிலிருந்து பிரித்தன. விடியலில் உணவுப்பெட்டியோடு புறப்படும் தந்தை இரவில்தான் திரும்புவார். வேலையை அருகிருந்து காணும் வாய்ப்பு பிள்ளைகளுக்கு இராது. பெரியோர்கள் இதனைக் கூலிக் குறைவைவிடப் பெரிய இழப்பாகக் கருதினர். உணவுப்பெட்டி என்ற சொல்லே அவர்களிடையே ஓர் எச்சரிக்கைச் சொல்லாக வழங்கியது.

இச்சிக்கலுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றே நகரும் குடில். தச்சர் வீட்டை நோக்கிச் செல்வதுதான் கட்டடத் தொழிலின் இயல்பு. இங்கு அது தலைகீழாயிற்று. தச்சர் தம் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறார். அவர் கட்டிய வீடுதான் புறப்பட்டுச் செல்கிறது. நண்பகல் உணவுக்கு அவர் இருபது அடி நடந்தால் போதும்.

மரக்குடிலுக்கு அம்மண்ணில் நெடிய வரலாறு உண்டு. 1638ஆம் ஆண்டு டெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய சுவீடன், பின்லாந்து நாட்டினர் மரத்தடிகளை அடுக்கிச் சுவர் எழுப்பும் கலையைக் கொண்டுவந்தனர். பின்னர் வந்த செருமானியரும் அக்கலையை அறிந்தவர்களே. தடியின் முனையில் பள்ளம் வெட்டி, குறுக்குத் தடியை அதில் பொருந்த வைப்பார்கள். மூலையில் தடிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மேலுள்ள எடையே அப்பிணைப்பை இறுக்கும். ஆணி இன்றியமையாததன்று. ஆதலால் தடிகளுக்கு எண்ணிட்டுப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் அடுக்கவும் முடிந்தது. இன்றைய சிறு குடில்களைப் பிரிப்பதில்லை. முழுமையாகவே தூக்கிச் செல்கின்றனர்.

அவ்வாறு தூக்கிச் செல்வதற்கென்றே அதன் அமைப்பு தொடங்குகிறது. கடைக்காலுக்கு மாற்றாக, நீளவாக்கில் தடித்த உத்திரங்களைச் சறுக்குக் கட்டைகளாக இடுவர். மண்ணோடு உரசுபவை ஆதலால் அவை கறையானும் ஈரமும் தாக்காதவாறு மருந்தேற்றப்பட்டவை. அவற்றின்மேல் தரை, தரைமேல் சுவர். குடிலின் அளவை வாங்குவோரின் விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. சாலையும் முடிவு செய்கிறது. அமெரிக்கச் சாலைகளில் தனி அனுமதியின்றிச் செல்லும் சுமையின் அகலம் 8.5 அடியைத் தாண்டலாகாது. பென்சில்வேனியாவில் வண்டியோடு சேர்த்து உயரம் 13.5 அடிக்குள் அடங்க வேண்டும். 12 அல்லது 14 அடி அகலக் குடிலுக்கு அனுமதி பெற வேண்டும். இன்னும் பெரியதாயின் இரு பாதிகளாகக் கட்டி, சேருமிடத்தில் இணைப்பர்.

மரத்தின் குணத்தையும் தச்சர் அறிந்திருக்க வேண்டும். ஈரமரம் உலரும்போது நீளவாக்கில் சுருங்குவது மிகமிகக் குறைவு. குறுக்குவாக்கில் சுருங்குவதோ மிகுதி. தடிகள் படுக்கையாக அடுக்கப்படுவதால், ஒவ்வொரு தடியும் சிறிது மெலிய, சுவர் முழுவதும் கீழிறங்கும். எட்டடி உயரச் சுவர் சில அங்குலம்கூட இறங்கிவிடும். ஆனால் செங்குத்தாக நிற்கும் கதவுநிலை இறங்காது. நிலைக்குமேல் இடைவெளி விடாமல் கட்டினால் சுவரின் எடை முழுவதும் நிலைமீது அமர்ந்து கதவு இறுகிப்போகும். தடிகளுக்கிடையே பிளவும் தோன்றும். எனவே மரத்தை முன்னரே சூளையில் உலர்த்திக்கொள்வர். அதன் பின்னரும் நிலைக்குமேல் சிறிது இடம் விட்டு, அதனைப் பலகையால் மறைப்பர். வாங்குவோரின் கண்ணுக்குப் புலப்படாத இவ்விடைவெளியில்தான் தச்சரின் தேர்ச்சி தெரியும் என்பேன். விற்பனைக்கு வரும் எல்லா மரக்குடில்களும் முழுத் தடியால் ஆனவை அல்ல என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மரச்சட்டத்தின்மேல் அரைவட்டப் பலகைகளைப் பதித்துத் தடிபோலத் தோன்றச் செய்வதும் உண்டு. அது எடை குறைந்தது, விலையும் குறைந்தது. சொல்லி விற்பதில் குற்றமில்லை.

மின்கம்பி இல்லாத பட்டறையில் எந்திரங்கள் எவ்வாறு இயங்கும்? டீசல் எந்திரம் ஒன்று காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கும். குழாய்வழியே வரும் அக்காற்று துளையிடும் கருவியையும் இழைக்கும் கருவியையும் சுழற்றும். தொலைபேசி வீட்டிற்குள் இராது. முற்றத்தில் தனிக்கூண்டில் இருக்கும். கணக்கேட்டை மனைவியோ மகளோ பார்த்துக்கொள்ளும் பட்டறைகள் பல.

மகன்களைப் பற்றியும் கூறவேண்டும். ஆமிஷ் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றுவிடுகின்றனர். இதற்குச் சமய உரிமையின் அடிப்படையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1972இல் இசைவளித்தது. பின்னர் வேறொரு தடை எழுந்தது. சிறுவர்கள் மரப்பட்டறைகளில் பணிபுரிவதை அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம் தடுத்தது. பல பட்டறைகளுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. பெற்றோர், தொழில் கற்பித்தலும் கல்வியே என வாதிட்டனர். 2004இல் சட்டம் திருத்தப்பட்டது. 14 முதல் 17 வயது வரையிலானோர், உறவினர் அல்லது தம் சமயத்துப் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் பட்டறையில் இருக்கலாம். ஆனால் மரமறுக்கும் விசைக் கருவிகளை இயக்கக்கூடாது. உங்கள் வயதுடைய ஒருவன் அங்குப் பலகை அடுக்குவான், அளவு குறிப்பான். அறுவை எந்திரத்தை மட்டும் தொடமாட்டான். பள்ளிக் கல்வியை இவ்வளவு விரைவில் முடித்துவிடுதல் அவனுக்குப் பிற வாயில்களை அடைத்துவிடுமே என்ற அச்சம் எனக்கு உண்டு. அதேவேளையில், பதினாறு வயதில் ஒரு வீட்டின் தரைமுதல் கூரைவரை அறிந்த கை எத்தனை பேருக்கு வாய்க்கும் என்றும் தோன்றுகிறது.

இத்தொழிலுக்கு வரும் இடர் நட்டத்தால் மட்டும் நேர்வதன்று, வெற்றியாலும் நேர்கிறது. குடில்களுக்குத் தேவை பெருகினால் வெளியாள்களை அமர்த்த வேண்டும். விற்பனைக்கு ஓயாது பேச வேண்டும். தந்தை பட்டறையில் இருந்தும் பிள்ளைகளுக்குக் கிட்டாதவர் ஆகிவிடுவார். ஒருவர் செல்வத்தால் பிறரினும் மிக உயர்வதைச் சபையும் விரும்புவதில்லை. அதனால் நன்கு வளர்ந்த தொழிலைப் பிறருக்கு விற்றுவிட்டுச் சிறிய பட்டறைக்குத் திரும்பியவர்களும் அவர்களுள் உண்டு.