தரங்கம்பாடிக் கோட்டையில் ஒரு முற்பகல்

தரங்கம்பாடிக்குச் சுற்றுலா வருபவர்களில் பலர் நேராகக் கடற்கரைக்குப் போகிறார்கள். டேனிஷ் கோட்டை முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த கால் மணி நேரத்தில் திருநள்ளாற்றுக்கோ வேளாங்கண்ணிக்கோ வண்டி கிளம்பிவிடுகிறது. கோட்டைக்குள் தமிழகத் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதை எட்டிப் பார்ப்பவர்களும் கண்ணாடிப் பெட்டிகளை ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். சீனத்துத் தேயிலை ஜாடிகள், பீங்கான் பாத்திரங்கள், வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டுகள், சுதை உருவங்கள், ஒரு திமிங்கிலத்தின் எலும்பு. கதை தெரியாமல் பார்த்தால் இவை வெறும் பழைய சாமான்கள்தான். தெரிந்துகொண்டு பார்த்தால், இந்தச் சிற்றூரை விட்டு நகர மனம் வராது.

கதை இலங்கையில் தொடங்குகிறது. போர்ச்சுகீசியருக்கு எதிராகக் கண்டி அரசருக்குத் துணை தேவைப்பட்டது. 1616இல் தொடங்கப்பட்ட டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ மிளகும் வாசனைப் பொருள்களும் தேவைப்பட்டன. 1618இல் ஓவ் கிட்டி என்ற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. வழியிலேயே மாலுமிகளில் பாதிக்கு மேல் மாண்டுபோனார்கள். மீதிப் பேர் இலங்கையை அடைந்தபோது கண்டி அரசர் போர்ச்சுகீசியரோடு சமாதானமாகிவிட்டிருந்தார். இதற்கிடையே முன்னால் அனுப்பப்பட்ட ஒரு கப்பலைப் போர்ச்சுகீசியர் காரைக்கால் அருகே அழித்துவிட, அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். இலங்கையில் நடக்காத காரியம் தஞ்சையில் நடந்தது. 1620 நவம்பரில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகைக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்தார். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்கு அவர் தங்க ஓலையில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கோட்டையைச் சுற்றினால், கட்டடமே முதல் காட்சிப்பொருளாகிவிடும். கீழ்த்தளத்தில் சரக்கறைகள், வெடிமருந்து அறை, சிறை. மேல்தளத்தில் ஆளுநர், மூத்த வணிகர்கள், பாதிரியார் ஆகியோரின் குடியிருப்பு. கடலைப் பார்த்த மேல்தளத்தில் ஒட்டகத் திமில் போலக் கூரை எழும்பி நிற்கிறது. கூரையைத் தாங்குவது செங்கல்லும் சுண்ணாம்பும்.

இந்தச் சுவர்களுக்குள் நடந்தவற்றில் நெஞ்சை விட்டு அகலாதது எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கியின் கதை. 1639க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கப்பலே புறப்படவில்லை. ஐரோப்பாவில் போர், கம்பெனியிடம் காசில்லை. கோட்டையில் இருந்த டேனியர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள், அல்லது கிளம்பிப் போனார்கள். கடைசியில் மிஞ்சியவர் கோங்ஸ்பாக்கி. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை. குத்தகைப் பாக்கிக்காகத் தஞ்சைப் படை கோட்டையை முற்றுகையிட்டபோதும் அவர் கொடியை இறக்கவில்லை. வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து, சரக்கை விற்று, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். அந்தக் கொள்ளை யாருடைய இழப்பில் நடந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒருவழியாக நாயக்கருடன் சமாதானம் பேசினார். வேறு நாட்டுக் கப்பல்கள் மூலம் விடாமல் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1669இல் ஃபேரோ என்ற கப்பல் வந்தது. அவரை ஆளுநராக உறுதிசெய்யும் ஆணையும் அதில் வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுத் தனிமை! கடல் பக்கச் சாளரத்தருகே நிற்பவர்கள் அவரைக் கட்டாயம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதே கோட்டையில் சிறைப்பட்டவர்தான் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு. 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கிய அவர், ஆளுநர் ஹாசியசோடு மோதியதால் 1708ஆம் ஆண்டு இறுதியில் சிறைக்குள் தள்ளப்பட்டு நான்கு மாதம் கிடந்தார். பின்னாளில் லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அந்த எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையும் தொடங்கப்பட்டது. 1714, 1715ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். அச்சுத் தமிழில் படிக்கும் எவருக்கும் இந்த ஊரோடு ஓர் உறவு இருக்கிறது.

கோட்டைக்கு வெளியே வந்தால் ராஜ வீதி. 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் இந்தத் தெருவில் உள்ளன. மறு ஆண்டே காலமான அவர் தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் நினைவாக 2017இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் இதே ஊரில் இருக்கிறது. அச்சுக்கலையில் ஆர்வம் உள்ளவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் மூத்தது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. அதன் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. டேனியர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்பதற்குச் சாட்சி அது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதே கடல் 2004 சுனாமியின்போது இந்த ஊரில் பல உயிர்களையும் பறித்துச் சென்றது.

1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து டேனியர் ஆங்கிலேயருக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். வணிகம் வேறு துறைமுகங்களுக்கு நகர, ஊர் சுருங்கியது. அப்படிச் சுருங்கியதால்தான் பழைய தெருக்கள் தப்பின என்றும் சொல்லலாம். டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பும் ஆளுநர் மாளிகை உள்ளிட்ட கட்டடங்களைச் செப்பனிட்டிருக்கின்றன. கோல்டுஸ்மித் தெருவில் இன்டாக் மீட்டெடுத்த திண்ணை வைத்த தமிழ் வீடுகளையும் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரர் மாளிகைகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட இந்த வீடுகளுக்குக் கிடைப்பதில்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, மற்ற நாளாகப் பார்த்து வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். 1792இல் கட்டப்பட்ட நகர வாசலில் இறங்கி, தேவாலயங்களையும் வீடுகளையும் பார்த்துக்கொண்டே கடலை நோக்கி நடந்து, கோட்டையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உடன் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், தேயிலை ஜாடி முன் நிறுத்தி, சீனத்து ஜாடி டேனியர் கோட்டைக்கு எப்படி வந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.