பொது விதி, சிறப்பு விதி

இலக்கணம் படித்தவர்களுக்குப் பொது விதி, சிறப்பு விதி என்ற சொற்கள் புதியவை அல்ல. இரண்டும் மோதினால் எது வெல்லும்? மென்பொருள் வேலையிலும் இதே கேள்வி வரும் என்று கல்லூரி நாளில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு மென்பொருள் என்பது நூற்றுக்கணக்கான கோப்புகள். எதை எதிலிருந்து தயாரிப்பது என்று விதிகள் எழுதிவைப்போம். அவற்றைப் படித்து வேலையை முடிப்பது ‘மேக்’ என்ற கருவி. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கியது. நாங்கள் பயன்படுத்துவது அதன் வழிவந்த குனு மேக்.

2014-இல் புணேயில் எடைக்கருவி மென்பொருள் ஒன்றைப் புது சர்வருக்கு மாற்றினோம். நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் சோதனையில் வெறும் தட்டு 50 கிலோ காட்டியது! சர்வரை மாற்றியவன் சேர்ந்து மூன்று மாதமே ஆன பையன். பழி அவன் தலையில் விழுந்தது. “நான் எதையும் தொடலை சார்” என்று அழாத குறை.

பழைய சர்வரிலும் புதியதிலும் ‘மேக் -என்’ கொடுத்துப் பார்த்தேன். செய்யாமலே, என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். ஓர் இடத்தில் கட்டளை வேறாக இருந்தது.

எங்கள் கோப்பில் மேலே ‘%.ஓ’ என்ற பொது விதி, கீழே ‘லிப்/%.ஓ’, லிப் அடைவுக்கு மட்டுமான விதி. ‘லிப்/தராசு.ஓ’ என்றால் இரண்டுமே பொருந்தும். 2006-இல் வந்த 3.81 பதிப்பு, முதலில் எழுதியதை எடுத்துக்கொள்ளும். 2010 ஜூலையில் வந்த 3.82 இதை மாற்றிவிட்டது: எந்த விதியில் % குறிக்குள் குறைந்த எழுத்துகள் அடங்குகின்றனவோ அதற்கே முதலிடம். பொது விதியில் ‘லிப்/தராசு’ முழுவதும் அடங்குகிறது. மற்றதில் ‘தராசு’ மட்டும். ஆகவே சிறப்பு விதி வென்றது. நீளம் சமமானால்தான் பழையபடி எழுதிய வரிசை. (பாணினி மரபிலோ, சம வலிமையுள்ள விதிகள் மோதினால் பின்னது வெல்லும் என்பார்கள். அது மூன்றாவது வழி!)

மாற்றம் நியாயமானதுதான். ஆனால் எங்கள் சிறப்பு விதி வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது, 3.81 அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. உணரி இல்லாமல் சோதிப்பதற்காக, எடை 50 கிலோ என்று பொய் சொல்லவைக்கும் குறிப்பு அதில் இருந்தது. எழுதியவன் நான். வேலை செய்யலையே என்று வேறு வழி பார்த்துவிட்டு, அழிக்க மறந்துபோயிருக்கிறேன்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னேன். அந்த வரியைப் பையன் கையாலேயே அழிக்கச் சொன்னேன்.