முற்றத்தில் நிற்கும் பழைய கார்



உங்கள் வீட்டு முற்றத்தில் பழைய மோட்டார் கார் ஒன்று ஓலைக் கொட்டிலுக்குள் நிற்கிறதா? "இதை விற்றுவிடுங்கள், பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடமாவது கிடைக்கும்" என்று நீங்கள் சொல்ல, "அது வாப்பாவின் கார், திருத்தி ஓட்டப் போகிறேன்" என்று கணவர் சொல்ல, பேச்சு வளர்ந்ததுண்டா? அப்படியானால் இதைச் சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்துக்குப் பழைய கார் புதிய விடயம் அல்ல. ஒஸ்டின் ஏ 40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் போன்ற ஆங்கிலேயக் கார்கள் வாடகைக் கார்களாகவும் கலியாணக் கார்களாகவும் இங்கே பல தலைமுறை ஓடின. 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதியது வராதபோது இருப்பதைப் பேணுவதைத் தவிர வேறு வழி ஏது?

1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பதே அரிதாயிற்று. அப்போது இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் எஞ்சின்களில் அழுத்தம் குறைவு. அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் அவை ஏற்றுக்கொண்டன. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலை ஊற்றி இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணை எரித்தாலும், பிரசவ வேதனையில் துடித்த எத்தனையோ தாய்மாரை இப்படிப்பட்ட கார்களே வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தன.

இதே கதை கடல் கடந்த கியூபாவிலும் உண்டு. 1959 புரட்சிக்குப் பின், 1962இல் அமெரிக்கா முழுமையான வர்த்தகத் தடை விதித்தது. அதற்கு முன் வந்து சேர்ந்த செவ்ரோலே, பியூக், கெடிலக் கார்களை அம்மக்கள் இன்றுவரை ஓட்டுகிறார்கள். கூரையை மடித்துத் திறந்துவிடும் 1950களின் அமெரிக்கக் கார்கள், மின்னும் வர்ணத்தோடு ஹவானாக் கடற்கரை வீதியில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. அவற்றுள் பல, கூரையோடு வந்து பின்னர் வெட்டித் திறக்கப்பட்டவை. பலவற்றினுள்ளே இருப்பது வேறொரு வாகனத்தின் டீசல் எஞ்சின். வெளியே அழகு, உள்ளே சமாளிப்பு!

அப்படி என்னதான் கவர்ச்சி இவற்றில்? வளைந்த உடலும் பளபளக்கும் குரோமும் கண்ணைக் கவர்வது உண்மைதான். மனிதன் ஏறிச் செல்லும் பிராணிகளில் பயணமும் உண்டு, அலங்காரமும் உண்டு என்பதை சூரா அந்நஹ்ல் நமக்கு உணர்த்துகிறது. ஆகவே அழகை விரும்புவது குற்றமாகாது. இன்னொன்று, இக்கார்களின் மூடியைத் திறந்தால் எது என்ன வேலை செய்கிறது என்று கண்ணாலேயே காணலாம். கணினி வேண்டாம், கைக்கருவி போதும். தந்தையும் மகனும் சேர்ந்து கழற்றிப் பூட்டலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் நினைவு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டே மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டதை நாம் மறக்க முடியுமா? வீடு, கடை, நகை, வாகனம் எல்லாம் பின்னால் நின்றன. புத்தளத்துக் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளையிடம் "நாங்களும் வாழ்ந்தோம்" என்று காட்ட ஒரு நிழற்படம்கூட இல்லாத குடும்பங்கள் பல. அப்படிப்பட்டவருக்கு ஒரு பழைய கார் வெறும் இரும்பு அல்ல. கணவரின் பிடிவாதத்தைப் பைத்தியம் என்று தள்ளிவிடாதீர்கள், சகோதரிகளே! அதற்குள் அவருடைய வாப்பா இருக்கக்கூடும்.

ஆனால், கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. புதிய வர்ணம் துருவை மறைக்குமே தவிரத் தீர்க்காது. முதலில் தரைத்தகட்டையும் அடிப்பாகத்தையும் அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு சோதியுங்கள். பதிவுப் புத்தகம் யார் பெயரில் என்று பாருங்கள். இயந்திரமும் பிரேக்கும் முதலில், வர்ணமும் குரோமும் கடைசியில். ஆசனப்பட்டி இல்லாத காலத்துக் கார்கள் இவை. பட்டி பொருத்தாமல், அதிலும் கூரை திறந்த வண்டியில், பிள்ளைகளை ஏற்றி வேகமாக ஓட்டாதீர்கள்.

மனைவியின் மஹர் நகையை அடகு வைத்தும், பிள்ளையின் படிப்புப் பணத்தை எடுத்தும் காரைப் புதுப்பிப்பது நினைவைப் பேணுவதாகாது, அது வீண்விரயம். வாப்பாவே உயிரோடிருந்தால் அதற்குச் சம்மதிப்பாரா?

ஆகவே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். மாதாமாதம் மிச்சம் பிடித்து, இவ்வருடம் எஞ்சின், அடுத்த வருடம் உடல் என்று மெதுவாகச் செய்யலாம். முடியாவிட்டால், பேணத் தெரிந்தவருக்கு மனமுவந்து விற்றுவிடலாம். ஆனால் விற்குமுன் பிள்ளைகளை அதன் அருகே நிறுத்தி ஒரு படம் எடுத்து, அதில் யார் யார் ஏறினார்கள் என்ற கதையைச் சொல்லிக் கொடுங்கள். கார் போனாலும் கதை வீட்டில் நிற்கட்டும்!