தங்க வயலுக்கு வந்த காவிரி

1902 ஜூனில் காவிரி கோலார் தங்க வயலுக்கு வந்தது, மின்சாரமாக. சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. தூரம். அன்று உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்று.

சிக்கல் கம்பியில்தான். நீளம் கூடக்கூட மின்தடையும் கூடும். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது கம்பியே விழுங்கும் மின்னழுத்தம். இதுதான் ஓம் விதி. அந்த இழப்பு வெப்பமாக வீணாகும். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் வீணாகும் சக்தி கால்வாசியாகிவிடும். ஆகவே பொறியாளர்கள் மின்னழுத்தத்தைச் சுமார் 30,000 வோல்ட்டுக்கு உயர்த்தினர். குறைந்த மின்னோட்டத்திலேயே அதே சக்தி வந்து சேர்ந்தது.

பெங்களூர் தெருவிளக்குகளுக்கு 1905 வரை காத்திருப்பு. இன்று நிலைமை தலைகீழ். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் பிழைப்புக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள்.