தலைகீழாகத் திரும்பாத குழந்தை

ஒரு காரியம் கெட்டுப்போனால், "எல்லாம் தலைகீழாகிவிட்டது" என்று சொல்கிறோம். ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தலைகீழாக இருப்பதுதான் சரியான நிலை. அது எந்த இடம் தெரியுமா? தாயின் கருப்பை!

பிறக்கும் நாள் நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகள் தலை கீழேயும் கால் மேலேயுமாகத் திரும்பிவிடுகின்றன. ஆனால் நூற்றில் மூன்று அல்லது நான்கு குழந்தைகள் அப்படித் திரும்புவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல, தலை மேலேயும் பிட்டம் கீழேயுமாகவே இருந்துவிடுகின்றன. இதைப் 'பிட்ட நிலை' என்கிறோம்.

இத்தகைய பிறப்பைப் பற்றி மனிதர்கள் வெகு காலமாகவே கவலைப்பட்டு வந்திருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, கால் முன்னே வரப் பிறப்பது இயற்கைக்கு மாறானது என்றார். அப்படிச் சிரமத்துடன் பிறந்தவர்களுக்கே 'அக்ரிப்பா' என்ற பெயர் வந்தது என்றும் எழுதினார். நம் நாட்டின் சில பகுதிகளிலோ, கால் முன்னே பிறந்தவரை மிதிக்கச் சொன்னால் இடுப்புப் பிடிப்பு போய்விடும் என்று நம்புவோர் உண்டு. ஒரு நாட்டில் கெட்ட சகுனம். மற்றொரு நாட்டில் கைவைத்தியம்! உண்மையில் இது சகுனமும் அல்ல, வைத்தியமும் அல்ல. வடிவமும் விசையும் சம்பந்தப்பட்ட ஒரு சிக்கல், அவ்வளவுதான்.

இயற்பியல் கற்பிக்கும் நான் ஏன் பிரசவத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். 2011ஆம் ஆண்டு, என் கர்ப்பத்தின் 36ஆம் வாரத்தில், டாக்டர் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "தலை இன்னும் மேலேயே இருக்கிறதே அம்மா" என்றார். வீட்டுக்கு வந்ததும் விசாரணை தொடங்கிவிட்டது. "பஸ்ஸில் நின்றுகொண்டே காலேஜுக்குப் போனாயே, அதனால்தான்" என்றார் பெரியம்மா. "ஒருக்களித்துப் படு என்று சொன்னேனே, கேட்டாயா?" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. இரவில் தூக்கம் வரவில்லை. நான்தான் ஏதோ தவறு செய்துவிட்டேனா? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றையே இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

பல்லாங்குழியும் கருப்பையும்

குழந்தை ஏன் தலைகீழாகத் திரும்புகிறது? "தலை கனமானது, கனமான பக்கம் கீழே போகும்" என்பது சட்டென்று தோன்றும் விடை. ஆனால் ஆர்க்கிமிடீஸை மறந்துவிடக் கூடாது! குழந்தை பனிக்குட நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் உடலின் அடர்த்தி, நீரின் அடர்த்தியை விட மிகச் சிறிதளவே அதிகம். எனவே எடையின் பெரும்பகுதியை மிதப்பு விசை ஈடுசெய்துவிடுகிறது. தலையின் கனம் மட்டுமே முழு விடை ஆகாது.

முக்கியமான காரணம் வடிவம். கருப்பை, காம்பு கீழே இருக்குமாறு பிடித்த பேரிக்காய் போன்றது. மேலே அகலம், கீழே குறுகல். குழந்தையின் தலை உருண்டையானது, கச்சிதமானது. பிட்டமோ, மடித்த தொடைகளையும் கால்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், தலையை விட அதிக இடத்தை அடைக்கும். அதிக இடம் கேட்கும் பகுதி அகலமான மேல்பக்கத்துக்குப் போவதே வசதி. குழந்தை உதைத்து உதைத்துப் புரளும்போது, என்றாவது ஒரு நாள் இந்த வசதியான நிலையில் வந்து பொருந்திவிடுகிறது.

ஒரு பல்லாங்குழிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு குழிகள்: ஒன்று ஆழமானது, மற்றது ஆழம் குறைந்தது. ஆழம் குறைந்த குழியில் ஒரு சோழியைப் போட்டுப் பலகையை ஆட்டினால் என்ன ஆகும்? சோழி எப்போதாவது மேட்டைத் தாண்டி ஆழமான குழிக்குள் விழும். அங்கிருந்து எளிதில் வெளியே வராது. தலைகீழ் நிலை ஆழமான குழி. பிட்ட நிலை ஆழம் குறைந்த குழி. 28ஆம் வாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை பிட்ட நிலையில் இருக்கும். வாரங்கள் செல்லச் செல்ல அவற்றுள் பெரும்பாலானவை திரும்பிவிடும். ஆனால் குழந்தை வளர வளர இடம் நெருக்கடியாகிறது. அதாவது, குழிகளுக்கு இடையே உள்ள மேடு உயர்கிறது. அதற்குள் தாண்டாத சோழி அங்கேயே தங்கிவிடுகிறது.

பனிக்குட நீர் மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ இருந்தாலும், நஞ்சுக்கொடி கீழே அமைந்திருந்தாலும், இரட்டைக் குழந்தைகளாக இருந்தாலும், கருப்பையின் வடிவத்தில் மாறுதல் இருந்தாலும் இப்படி நேரலாம். பல குழந்தைகள் கால்களை நேராக நீட்டி, பாதங்களைக் காதருகே வைத்துக்கொண்டிருக்கும். எலும்பு முறிந்தால் கட்டும் சிம்பு போல, நீட்டிய கால்கள் உடலைப் புரளவிடாமல் செய்கின்றன. பெரும்பாலான தாய்மாரிடம் குறிப்பிட்ட காரணம் எதையும் காண முடிவதில்லை.

இன்னொரு சுவையான செய்தி. நார்வே நாட்டில் 1967 முதல் எல்லாப் பிறப்புகளையும் பதிவு செய்து வருகிறார்கள். அந்தப் பதிவேடுகளைக் கொண்டு இரண்டு தலைமுறைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2008இல் வெளியாயிற்று. பெற்றோரில் ஒருவர் தாமே பிட்ட நிலையில் பிறந்திருந்தால், அவருடைய முதல் குழந்தையும் அப்படி இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று அது கண்டது. இதில் தாய்க்கும் தந்தைக்கும் வேறுபாடு இல்லை! தந்தை பஸ்ஸில் நின்றுகொண்டு போனதாலா இது நேர்ந்தது? பழியைத் தாயின் தலையில் சுமத்துவதற்கு இங்கே இடமே இல்லை.

கடைசியில் வரும் தலை

பிட்டம் முன்னே வந்தால் என்ன கெட்டுவிடும்? பிறக்கும் குழந்தையின் தலை, அதன் உடல் நீளத்தில் கால் பங்கு. உங்களுக்கோ எனக்கோ ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். தலையே உடலின் மிகப் பருமனான, விறைப்பான பகுதி. ஆனால் மண்டை ஓட்டின் எலும்புகள் அப்போது ஒன்றோடொன்று இணைந்திருப்பதில்லை. தலை முன்னே வந்தால், பல மணி நேரம் மெல்ல மெல்ல அழுத்தப்பட்டு, பாதைக்கு ஏற்ப வடிவம் மாறிக்கொள்கிறது. தலை வந்துவிட்டால் உடல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

பிட்டம் முன்னே வரும்போது வரிசை மாறிவிடுகிறது. சிறிய பகுதி முதலில் வருகிறது. பெரிய பகுதி கடைசியில் வருகிறது. வடிவம் மாற்றிக்கொள்ளத் தலைக்கு அவகாசம் இல்லை. இதற்குள் தொப்புள்கொடிக்கும் ஆபத்து நேர்கிறது. தொப்புள் வரை உடல் வெளியே வந்ததும், தலைக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் நடுவே கொடி அகப்பட்டுக்கொள்ளும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை மிதித்தால் என்ன ஆகும்? அதே கதைதான். குழந்தைக்கு ஆக்ஸிஜன் அந்தக் கொடி வழியாகவே வருகிறது. எனவே தலை சில நிமிடங்களில் வெளியே வந்தாக வேண்டும்.

பாதம் முன்னே தொங்கும் நிலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. சீசாவின் வாயைத் தக்கை அடைப்பது போல, தலை கருப்பையின் வாயை நன்றாக அடைத்துக்கொள்ளும். மெல்லிய பாதம் அப்படி அடைப்பதில்லை. பனிக்குடம் உடைந்ததும், அந்த இடைவெளி வழியாகக் கொடி முதலில் நழுவி வந்துவிடக் கூடும். இவை எல்லாக் குழந்தைகளுக்கும் நேர்வதில்லை. ஆயினும் நேரக்கூடும் என்பதால்தான் டாக்டர்கள் முன்கூட்டியே கவனிக்கிறார்கள்.

மூன்று வழிகள்

பழகிய கைகள் வயிற்றைத் தொட்டே தலை எங்கே என்று சொல்லிவிடும். கெட்டியாக, உருண்டையாகத் தட்டுப்படுவது தலை. பிறகு ஸ்கேன் உறுதி செய்யும். அதன் பிறகு பெற்றோர் முன் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன.

முதல் வழி, வெளியிலிருந்து திருப்புவது. சாதாரணமாக 36 அல்லது 37ஆம் வாரத்தில், கருப்பையைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, டாக்டர் தம் கைகளால் வயிற்றின் மேல் அழுத்தி, குழந்தையைக் குட்டிக்கரணம் போட வைக்கிறார். ஸ்கேனில் பார்த்துக்கொண்டும் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டும் இதைச் செய்வார்கள். மருந்து மேட்டின் உயரத்தைக் குறைக்கிறது. கைகள் சோழியை மறு குழிக்குத் தள்ளுகின்றன! சுமார் பாதி முயற்சிகள் வெற்றி பெறுகின்றன. இருநூறில் ஒருவருக்கு உடனடி சிசேரியன் தேவைப்படலாம் என்பதால், இதை ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது வழி, அந்த நிலையிலேயே இயல்பாகப் பிறக்கவிடுவது. இதற்குத் தேர்ச்சி பெற்ற டாக்டர் வேண்டும். ஆபரேஷன் அறை தயாராக இருக்க வேண்டும். குழந்தை மிகப் பெரிதாக இருக்கக் கூடாது. அதன் தலை மார்பை நோக்கிக் குனிந்திருக்க வேண்டும். இங்கே டாக்டரின் பெரிய திறமை, இழுக்காமல் இருப்பது! இழுத்தால் குழந்தையின் கைகள் தலைக்கு மேலே உயர்ந்துவிடும், முகவாய் நிமிர்ந்துவிடும். அப்போது வழியில் வரும் குறுக்களவு கூடிவிடும்.

மூன்றாவது வழி, சுமார் 39ஆம் வாரத்தில் திட்டமிட்ட சிசேரியன்.

எண்கள் பேசுகின்றன

இவற்றுள் எது நல்லது? 2000ஆம் ஆண்டில் கனடா நாட்டு டாக்டர் மேரி ஹன்னாவின் குழு ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 26 நாடுகளில், 121 ஆஸ்பத்திரிகளில், 2,088 தாய்மார்கள் இதில் பங்கேற்றனர். யாருக்கு எந்த வழி என்பது நாணயம் சுண்டுவது போலத் தற்செயலாகத் தீர்மானிக்கப்பட்டது. குழந்தை இறப்போ கடுமையான பாதிப்போ, சிசேரியன் திட்டமிட்டோரிடம் 1.6 சதவீதம், இயல்பான பிரசவம் திட்டமிட்டோரிடம் 5 சதவீதம். உலகெங்கும் டாக்டர்கள் சிசேரியனுக்கு மாறினர். நெதர்லாந்தில் இரண்டே மாதங்களில், பிட்ட நிலைக் குழந்தைகளுக்குச் செய்யும் சிசேரியன் 50 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்ந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் மீண்டும் சோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பையும் வளர்ச்சிக் குறைவையும் சேர்த்துப் பார்த்தபோது, இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 8,105 பிரசவங்களைக் கவனித்த ஓர் ஆய்வு 2006இல் வெளியாயிற்று. தாய்மார்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, பிரசவத்தின்போது இடைவிடாமல் கண்காணித்த இடங்களில், இரண்டு வழிகளிலும் பாதிப்பு சுமார் ஒன்றரை சதவீதமே. விஞ்ஞானம் இப்படித்தான் நடக்கிறது. ஓர் அளவீட்டோடு அது நின்றுவிடுவதில்லை.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களது ராயல் கல்லூரி 2017இல் தந்த கணக்கைப் பாருங்கள். பிறப்பை ஒட்டி இறக்கும் குழந்தைகள், பத்தாயிரத்துக்குத் தோராயமாக: திட்டமிட்ட சிசேரியனில் 5; பிட்ட நிலையில் இயல்பான பிரசவம் திட்டமிட்டால் 20; தலை கீழே இருந்து இயல்பான பிரசவம் திட்டமிட்டால் 10.

இருபது என்பது ஐந்தைப் போல நான்கு மடங்கு. கேட்டவுடன் பயமாக இருக்கிறது அல்லவா? இதையே வேறு விதமாகச் சொல்லலாம். பத்தாயிரத்தில் 9,995 பேர் பிழைப்பது ஒரு வழி. 9,980 பேர் பிழைப்பது மற்றொரு வழி. இரண்டு கூற்றுகளும் உண்மையே! சிசேரியனுக்கும் ஒரு விலை உண்டு. கருப்பையில் தழும்பு இருப்பதால், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி ஆழமாக ஒட்டிக்கொள்ளுதல் முதலிய ஆபத்துகள் சற்றுக் கூடுகின்றன. ஒரே குழந்தை போதும் என்பவரும், இன்னும் இரண்டு வேண்டும் என்பவரும் ஒரே எண்களைப் பார்த்து வெவ்வேறு முடிவுக்கு வரலாம். இருவருமே சரியாக முடிவு செய்தவர்கள்தான்.

நாங்கள் என்ன செய்தோம்?

நானும் என் கணவரும் முதலில் திருப்பிப் பார்க்கச் சம்மதித்தோம். மாவு பிசைவது போன்ற அழுத்தம். வலி இருந்தது, பொறுத்துக்கொள்ள முடிந்தது. குழந்தை கால் வட்டம் வரை நகர்ந்தாள். டாக்டர் கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே போய்விட்டாள்! 'உறுதிச் சமநிலை' என்று வகுப்பில் நான் கற்பிக்கும் பாடத்தை என் வயிற்றுக்குள்ளேயே கண்டேன். மூன்றாம் வாரம் சிசேரியன். ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தபோது பயம் இருந்தது; 'என் தவறு' என்ற எண்ணம் மட்டும் இல்லை.

பிட்ட நிலையில் இருந்த குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டுக் கிண்ணம் சரியாக அமையாதிருக்கும் வாய்ப்பு சற்று அதிகம். அதனால் ஆறு வார வயதில் மூட்டை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். குறை ஏதும் இல்லை. இன்று அவளும் உங்களைப் போல உயர்நிலைப் பள்ளி மாணவி. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள்.

நண்பர்களே! உங்கள் அக்காவுக்கோ அண்ணிக்கோ நாளை இப்படி ஒரு செய்தி வரலாம். அப்போது அவர்களுக்கு நீங்கள் இரண்டு உதவிகள் செய்யலாம். "நீ என்ன செய்தாய்?" என்று யாராவது கேட்டால், பல்லாங்குழியையும் சோழியையும் விளக்கிச் சொல்லுங்கள். டாக்டர் ஓர் எண்ணைச் சொன்னால், "எத்தனை பேரில்? எதனோடு ஒப்பிட்டு? இந்த ஆஸ்பத்திரியில் அதற்குப் பழகியவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். மகிழ்ச்சியுடன் பதில் சொல்வார்.