கேமரா கிம்பல்: கோளாறு கண்டறிதலும் சீரமைத்தலும்

கேமரா கிம்பல் என்பது, அதைப் பிடித்திருப்பவரின் கை அசைந்தாலும் கேமராவின் பார்வை அசையாதபடி மின்னோடிகளால் நிலைநிறுத்தும் கருவி ஆகும். திரைப்படம், திருமணக் காணொளி, பறவை ஆய்வு, ட்ரோன் வழி நில அளவை எனப் பல துறைகளில் இது பயன்படுகிறது. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களிலும் இன்று திருமண வீடுகளில் கிம்பல் இல்லாத காணொளிக் குழுவைக் காண்பது அரிது. தாலி கட்டும் காட்சி ஒரு முறைதான் நடக்கும். அந்த நேரத்தில் கருவி நடுங்கினால் மீண்டும் எடுக்க வழியில்லை. பல கோளாறுகளுக்குப் பழுதுபார்க்கும் கடை தேவைப்படுவதில்லை. காரணத்தை முறையாகத் தேடினால் பயன்படுத்துபவரே சரிசெய்துகொள்ளலாம்.

வரலாறு

ஒன்றினுள் ஒன்றாகச் சுழலும் வளையங்களில் ஒரு பொருளைத் தொங்கவிட்டால், வெளிவளையம் எப்படிச் சாய்ந்தாலும் உள்ளிருக்கும் பொருள் நேராக நிற்கும். இந்த அமைப்பே பழைய கிம்பல். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பைசாந்தியத்து ஃபைலோ, எப்பக்கம் திருப்பினாலும் மை சிந்தாத மைக்கூடு ஒன்றை இம்முறையில் விவரித்துள்ளார். பின்னர்க் கப்பல்களின் திசைகாட்டிகள் இவ்வகை வளையங்களில் பொருத்தப்பட்டன.

திரைப்படத் துறையில் அமெரிக்கரான காரெட் பிரவுன் 1970களில் உருவாக்கிய ஸ்டெடிகேம், மின்னோடி இல்லாமல் எடைச் சமநிலையாலும் வில்சுருள் கையாலும் இயங்கியது. 1976இல் வெளியான ‘பவுண்ட் ஃபார் குளோரி’ இக்கருவி முதலில் பயன்படுத்தப்பட்ட படமாகும். மின்னோடியால் இயங்கும் கையடக்கக் கிம்பல்கள் 2013இல் ஃப்ரீஃபிளை நிறுவனத்தின் மோவி வழியாகப் பரவலாக அறியப்பட்டன. 2014இல் டிஜேஐ நிறுவனத்தின் ரோனின் வந்தது. அதன் பிறகு விலை குறைந்து, சிற்றூர் ஸ்டூடியோக்களுக்கும் இக்கருவி எட்டியது.

இயங்கும் முறை

பெரும்பாலான கிம்பல்களில் மூன்று அச்சுகள் உண்டு. கேமரா மேலும் கீழும் பார்ப்பது டில்ட், இடமும் வலமுமாகச் சாய்வது ரோல், இடமிருந்து வலமாகத் திரும்புவது பேன். ஒவ்வோர் அச்சிலும் கார்பன் தூரிகை இல்லாத மின்னோடி ஒன்று இருக்கும்.

கேமரா அமரும் தட்டில் உணரி உள்ளது. அதில் சுழற்சியின் வேகத்தை அளக்கும் கைரோவும், புவியீர்ப்பின் திசையை அறியும் முடுக்கமானியும் இருக்கும். கைரோ விரைவாகச் செயல்படும், ஆனால் நேரம் செல்லச் செல்லச் சிறிது சிறிதாக விலகும். முடுக்கமானி நீண்ட நேரத்துக்கு நம்பத்தக்கது, ஆனால் வண்டி திரும்பும்போதோ வேகம் கூட்டும்போதோ அந்த முடுக்கத்தையும் ஈர்ப்பு என்று எண்ணிவிடும். கட்டுப்பாட்டுப் பலகை இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, எந்த மின்னோடி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று வினாடிக்குப் பல நூறு முறை கட்டளையிடுகிறது.

தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தேர் ஒரு பக்கம் விலகினால், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் அதை மீண்டும் வழிக்குத் திருப்புவார். சற்றே விலகும்போது சிறிதளவு திருப்பினால் தேர் நேராகச் செல்லும். தாமதித்தால் தேர் ஓரத்துக்குப் போய்விடும். அளவுக்கு மீறித் திருப்பினால் மறுபக்கம் சாயும், அதைத் திருத்த மீண்டும் இந்தப் பக்கம் இழுக்க வேண்டிவரும். கிம்பலில் தோன்றும் தள்ளாட்டமும் நடுக்கமும் பெரும்பாலும் இந்த இரண்டு பிழைகளின் வடிவங்களே.

முதல் சோதனை: மின்சாரம் இன்றிச் சமநிலை

கிம்பலில் எந்தக் கோளாறு தோன்றினாலும் முதலில் அதை அணைத்துவிட்டுச் சமநிலையைப் பார்க்க வேண்டும். மின்னோடியின் வேலை அசைவைத் திருத்துவது. எடையைச் சுமப்பது அன்று.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1.5 கிலோகிராம் எடையுள்ள கேமராவின் எடைமையம் அச்சிலிருந்து 5 மில்லிமீட்டர் விலகியுள்ளது எனக் கொள்வோம். அது உண்டாக்கும் திருப்புவிசை 1.5 × 9.8 × 0.005 = 0.0735 நியூட்டன் மீட்டர். படம் எடுக்கும் நேரம் முழுவதும் மின்னோடி இந்த விசையை எதிர்த்துத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். திருப்புவிசை மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்சுருளில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே விலகல் 10 மில்லிமீட்டர் ஆனால் வெப்பம் நான்கு மடங்காகும். மின்னோடி சுடுவதற்கும் மின்கலம் விரைவில் தீர்வதற்கும் சமநிலைக் குறைவு முக்கியக் காரணமாக இருப்பது இதனால்தான்.

சமநிலை செய்யும் வரிசை:

1. லென்ஸ், மின்கலம், நினைவக அட்டை, மைக் ஆகிய அனைத்தையும் பொருத்த வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்ற வேண்டும். ஜூமைப் படம் எடுக்கப்போகும் நிலையில் வைக்க வேண்டும்.
2. லென்ஸை வானத்தை நோக்கி நிறுத்தி, விழாமல் நிற்கும்வரை கேமராவின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும்.
3. லென்ஸை நேராக நோக்கவிட்டு, கேமராவை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும்.
4. ரோல் கையை இடமும் வலமும் நகர்த்தி, சாயாமல் நிற்கும்படி செய்ய வேண்டும்.
5. கைப்பிடியைச் சாய்த்துப் பிடித்து, பேன் கை தானாகச் சுழல்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

எந்தக் கோணத்தில் விட்டாலும் கேமரா அங்கேயே நின்றால் சமநிலை சரியாக உள்ளது என்று பொருள். இந்த வரிசையை மாற்றினால், பின்னால் செய்யும் திருத்தம் முன்னால் செய்ததைக் கெடுத்துவிடும்.

அறிகுறிகளும் காரணங்களும்

இயக்கியவுடன் அணைந்துவிடுதல்: அச்சுப் பூட்டு திறக்கப்படாமல் இருக்கலாம். கேபிள் ஏதேனும் ஒரு கையில் சிக்கியிருக்கலாம். சமநிலை பெரிதும் தவறியிருந்தாலும் கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

ரீங்கார ஒலியும் நுண்ணிய நடுக்கமும்: கட்டுப்பாட்டு வலிமை தேவைக்கு மேல் இருப்பதன் அடையாளம் இது. கனமான கேமராவுக்கு வைத்த அமைப்பில் எடை குறைந்த கேமராவைப் பொருத்தினால் இது நேரும். கேமராவைத் தாங்கும் திருகு தளர்ந்திருந்தாலும், நீளமான லென்ஸ் தாங்கியின்றி ஆடினாலும் இதே ஒலி வரும். எனவே அமைப்பை மாற்றும் முன் திருகுகளை முடுக்கிப் பார்க்க வேண்டும்.

மெதுவான தள்ளாட்டம்: வலிமை போதவில்லை, அல்லது மின்கலம் தளர்ந்துவிட்டது. ஜூம் செய்ததால் எடைமையம் இடம் மாறியிருக்கலாம். 2024இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் போன்ற இடங்களில் நீண்ட ஜூம் லென்ஸுடன் படமெடுப்போர் இதை அதிகம் சந்திப்பர்.

அடிவானம் சாய்தல்: முடுக்கமானியின் அளவீடு பிசகியிருக்கலாம். கருவியைச் சமதளத்தில் வைத்து மறு அளவீடு செய்ய வேண்டும். ஓடும் வண்டி நீண்ட வளைவில் திரும்பும்போது மட்டும் சாய்ந்து, சிறிது நேரத்தில் நேரானால் அது பழுது அன்று. மேலே சொன்ன முடுக்கமானியின் இயல்பு.

தானாகத் திரும்புதல்: கைரோ அளவீட்டின்போது கருவி அசைந்திருந்தால் இது நேரும். ரோலும் டில்ட்டும் புவியீர்ப்பைக் கொண்டு தம்மைத் திருத்திக்கொள்ளும். பேன் அச்சுக்கு அந்த உதவி கிடையாது. செங்குத்து அச்சைச் சுற்றித் திரும்பும்போது ஈர்ப்பின் திசை மாறுவதில்லை. கைரோவின் விலகல் வெப்பநிலையையும் பொறுத்தது. குளிரூட்டப்பட்ட காரிலிருந்து சித்திரை வெயிலுக்கு எடுத்து வந்த கருவியைச் சில நிமிடம் விட்டு வைத்து, அசையாத இடத்தில் அளவீடு செய்வது நல்லது. கேமரா கைப்பிடியை மெல்லப் பின்தொடர்வது மட்டும் ஃபாலோ முறையின் இயல்பு. லாக் முறைக்கு மாற்றிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

நடக்கும்போது மேலும் கீழும் குதித்தல்: மூன்று அச்சுக் கிம்பல் சுழற்சியை மட்டுமே திருத்தும், ஏற்ற இறக்கத்தைத் திருத்தாது. முழங்காலைச் சற்று மடக்கி, குதிகால் முதலில் பதியும்படி மெல்ல நடப்பதே தீர்வு.

ஒரு கோணத்தில் மட்டும் திடீரெனச் சுழலுதல்: கேமரா நேர் மேலே அல்லது நேர் கீழே பார்க்கும்போது இரண்டு அச்சுகள் ஒரே கோட்டில் வந்துவிடும். இதைக் கிம்பல் பூட்டு என்பர். நிலவுக்குச் சென்ற அப்பல்லோ விண்கலங்களின் வழிகாட்டும் கருவியிலும் இச்சிக்கல் இருந்தது. விண்வெளி வீரர்கள் அந்தக் கோணத்தைத் தவிர்த்தே கலத்தைத் திருப்பினர். இங்கும் தவிர்ப்பதே வழி.

சீரமைத்தல்

பெரும்பாலான புதிய கருவிகளில் தானியங்கிச் சீரமைப்பு உண்டு. சமநிலை செய்த பின் அதை இயக்கினாலே பொதுவாகப் போதும். கையால் சீரமைக்கும் வசதியுள்ள கருவிகளில் பி, ஐ, டி என்ற மூன்று மதிப்புகள் இருக்கும்.

பி என்பது இப்போதைய விலகலுக்கு ஏற்பத் திருத்தும் வலிமை. டி என்பது விலகல் மாறும் வேகத்தைக் கண்டு அடக்கும் கடிவாளம். ஐ என்பது நீண்ட நேரமாகத் தீராமல் இருக்கும் சிறு விலகலைச் சேர்த்து வைத்துத் திருத்துவது.

ஐ மதிப்பை மிகக் குறைவாக வைத்துத் தொடங்க வேண்டும். பி மதிப்பைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் ஒரு கட்டத்தில் கேமரா ஊசலாடத் தொடங்கும். டி மதிப்பை உயர்த்தினால் அது அடங்கும். டி மிகுந்தால் கிறீச்சென்ற நுண்ணதிர்வு எழும். அப்போது இரண்டையும் சற்றுக் குறைத்து நிறுத்த வேண்டும். இறுதியாக, கேமரா தன் நிலைக்குத் தயங்காமல் திரும்பும் அளவுக்கு ஐ மதிப்பை உயர்த்தலாம். ஒரு நேரத்தில் ஓர் அச்சில் ஒரு மதிப்பை மட்டுமே மாற்றி, பழைய எண்ணைக் குறித்து வைப்பது அவசியம். பள்ளி ஆய்வகத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிச் சோதிக்கும் அதே விதிதான்.

இதே கட்டுப்பாட்டுத் தத்துவம் பெரிய அளவிலும் பயன்படுகிறது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் விகாஸ் எஞ்சின், ஏவுகலத்தின் திசையைத் திருத்த கிம்பல் முறையில் சாய்க்கப்படுகிறது.

ட்ரோனிலும் வண்டியிலும்

படம் கூழ்போல நெளிந்தால் காரணம் பெரும்பாலும் கிம்பல் அன்று. எஞ்சின் அல்லது இறக்கையின் விரைவான அதிர்வு கேமராவை எட்டுவதே காரணம். எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டரில் கிம்பலை இறுகக் கட்டினால் இந்த நெளிவைக் காணலாம். கையில் பிடித்தால் உடலே அதிர்வைப் பெருமளவு உறிஞ்சிவிடும். ட்ரோனில் சேதமுற்ற இறக்கையையும், கிம்பலைத் தாங்கும் ரப்பர்க் குமிழ்களையும் பார்க்க வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரம் போன்ற பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் ட்ரோன் பறக்கவிடும் முன் உரிய அனுமதி பெற வேண்டும்.

பழுதுபார்ப்பவரிடம் செல்ல வேண்டிய நிலை

அணைத்த கிம்பலின் ஒவ்வொரு கையையும் மெல்லச் சுழற்றும்போது மணல் அரைபடுவது போல உரசினால் தாங்கியில் தூசி புகுந்துள்ளது. சமநிலை சரியாக இருந்தும் ஒரு மின்னோடி மட்டும் சுட்டால், மின்சுருளோ இணைப்புக் கம்பியோ கெட்டிருக்கக்கூடும். இவ்விரண்டிலும் மேற்கொண்டு இயக்காமல் நிறுத்துவதே செலவைக் குறைக்கும். மின்கலம் உப்பியிருந்தால் அதை ஒருபோதும் மின்னேற்றக் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

நிகழ்ச்சிக்கு முந்திய நாளே, அன்று பயன்படுத்தப்போகும் அதே லென்ஸுடனும் மைக்குடனும் பத்து நிமிடம் ஓடவிட்டு மின்னோடிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒன்று மற்றவற்றைவிட வெப்பமாக இருந்தால், சரிசெய்ய இன்னும் ஓர் இரவு கையில் இருக்கும்.