கண் சிமிட்ட இயலாதவரும் கணினி வகுப்பும்

புணே: மகர்பட்டா மென்பொருள் நகரம், ஏறத்தாழ 120 விவசாயக் குடும்பங்கள் தமது சுமார் 400 ஏக்கர் நிலத்தை விற்காமல், பங்குதாரர்களாக இணைந்து உருவாக்கியது. நிலத்துக்குரியவர்களை விட்டுவிடாத அந்தக் கவனம், மென்பொருள் எழுதக் கற்கும் வகுப்பறையிலும் வேண்டும்.

இணைய வழியில் வங்கிக் கணக்கு தொடங்குவோர் கேமரா முன் கண் சிமிட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அமில வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூனால் அது இயலவில்லை. அவர் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், இணைய வசதிகளைப் பெறுவதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கமே என 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஆர். மகாதேவன்.

அந்தச் சோதனையை வடிவமைத்தவர்களுக்குத் தீய நோக்கம் இருந்திருக்காது. இமை மூட இயலாதவரும் வாடிக்கையாளராக வருவார் என்பதை எவரும் கற்பிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

கற்பிக்கச் சட்டம் உண்டு. ரூபாய் நோட்டு விவகார அமளிக்கிடையே 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, அவர்களது உரிமைகளைக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்கிறது. மனித விழுமியங்களைத் தனிப்பாடமாக வைத்திருக்கும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமம், முதலாண்டு நிரல் பயிற்சிக்குள்ளேயே இதைக் கொண்டுவருவதில் என்ன தடை?